ஸ்டீயரிங்கில் ஆட்டமா? பாக்ஸ் ஸ்க்ரூவைத் தொடும் முன் இதைப் பாருங்கள்

பழைய பிக்கப் வைத்திருப்பவர்கள் ஒருநாள் இல்லை ஒருநாள் இதைச் சொல்வார்கள்: "திருப்பினா உடனே திரும்பமாட்டேங்குது, கொஞ்சம் யோசிச்சுத்தான் திரும்புது." நேர் ரோட்டில்கூடக் கை சும்மா இருக்க முடியாது, இப்படியும் அப்படியும் திருத்திக்கொண்டே போக வேண்டும். பட்டறையில் இதை ஸ்டீயரிங் பிளே என்பார்கள், அல்லது சுருக்கமாக ஆட்டம்.

டீக்கடை வைத்தியம் ஒன்று உண்டு: "பாக்ஸ் மேல ஒரு ஸ்க்ரூ இருக்கும், அதை டைட் வெச்சிடு." பாக்ஸ் என்பது ஸ்டீயரிங்கின் சுற்றைச் சக்கரத்தைத் திருப்பும் அசைவாக மாற்றும் பல்சக்கரப் பெட்டி. நானும் வைத்தேன். ஆட்டம் குறைந்த மாதிரிதான் இருந்தது. அடுத்த வாரம் தாண்டிக்குடியிலிருந்து மலைவாழைத் தார் ஏற்றிக்கொண்டு இறங்கினேன். ஒரு வளைவில் திருப்பிய ஸ்டீயரிங் தானாக நேருக்கு வரவே இல்லை. இரண்டு கையாலும் இழுத்துத்தான் வண்டியை ரோட்டுக்குள் வைத்தேன். வீட்டுக்கு வந்து அடியில் படுத்துப் பார்த்தால், பாக்ஸ் நன்றாகவே இருந்தது. தேய்ந்திருந்தது, பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டிராக் லிங்க் என்ற கம்பியின் முனையில் இருந்த பால் ஜாயிண்ட், அதாவது குழிக்குள் திரும்பும் உருண்டை இணைப்பு.

அதனால் இந்த வரிசையில் போங்கள். ஸ்க்ரூ கடைசி.

வண்டியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

முன்பக்கம் குனிந்து பாருங்கள். பட்டை ஸ்பிரிங்கும் ஒரே அச்சும் இருந்தால் பெரும்பாலும் ஸ்டீயரிங் பாக்ஸ் வண்டி. அதில் உங்கள் கையசைவு போகும் வழி இது: ஸ்டீயரிங் ராடு, கப்ளிங், பாக்ஸ், பாக்ஸிலிருந்து தொங்கும் டிராப் ஆர்ம், அதிலிருந்து டிராக் லிங்க், ஒரு பக்கச் சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் நக்கிள், அங்கிருந்து டை ராடு வழியாக மறுபக்கச் சக்கரம். நீளமான குழாய் போன்ற ரேக் இருந்தால் டிராப் ஆர்ம், டிராக் லிங்க் இருக்காது. பாக்ஸ் பற்றிச் சொல்வதை விட்டுவிடுங்கள், மற்றதெல்லாம் பொருந்தும்.

இவ்வளவு இணைப்பில் எங்கே அசைவு தொலைகிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. சின்னத் தேய்மானம் என்று எதையும் தள்ளிவிடாதீர்கள். டிராப் ஆர்ம் 15 செ.மீ., பாக்ஸ் விகிதம் 20-க்கு 1 (ஸ்டீயரிங் 20 டிகிரி திரும்பினால் டிராப் ஆர்ம் 1 டிகிரி) என்று வைத்துக் கணக்குப் போடுங்கள்: டிராக் லிங்க் முனையில் வெறும் 1 மி.மீ. தேய்ந்தால், 40 செ.மீ. விட்டமுள்ள ஸ்டீயரிங்கின் விளிம்பில் அது ஒரு அங்குலமாக வந்து நிற்கும்.

ஆட்டத்தை அளந்து எழுதி வையுங்கள்

சமதளத்தில், சக்கரம் நேராக நிற்கும்படி நிறுத்துங்கள். பவர் ஸ்டீயரிங் என்றால் எஞ்சின் ஓடட்டும், கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டு. ஸ்டீயரிங் விளிம்பில் ஒரு துண்டு டேப் ஒட்டி, பக்கத்தில் ஸ்கேலைப் பிடியுங்கள். ஒரு விரலால் மெல்ல இடப்பக்கம் நகர்த்தி, முன் டயர் அசையத் தொடங்கும் இடத்தைக் குறியுங்கள். அப்புறம் வலப்பக்கம். இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம்தான் உங்கள் ஆட்டம்.

வண்டியின் கையேட்டில் அளவு இருந்தால் அதுதான் கணக்கு. இல்லையென்றால், பழைய பாக்ஸ் வண்டியில் ஒரு அங்குலத்துக்குள் இருப்பது சகஜம். இரண்டைத் தொட்டால் சரிசெய்யும் வரை லோடு ஏற்ற வேண்டாம்.

ஆட்டமே இல்லை, ஆனாலும் வண்டி அலைகிறதா? அப்போது தேடவேண்டிய இடம் வேறு: டயர் காற்று, அலைன்மென்ட், பின் பட்டை ஸ்பிரிங்கின் ஷேக்கிள் புஷ், யு போல்ட்.

ஒருவர் ஆட்ட, ஒருவர் தொட்டுப் பார்க்க

முக்கியமான சோதனை இதுதான், இதற்கு ஒரு ஆள் வேண்டும். வண்டி தரையிலேயே நிற்கட்டும். டயரில் எடை இருந்தால்தான் இணைப்புகளில் உள்ள தளர்ச்சி வெளியே தெரியும். பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். எஞ்சினை அணைத்துச் சாவியை உங்கள் பையில் போட்டுக்கொண்டு அடியில் போங்கள். ஸ்டீயரிங் பூட்டு விழுந்துவிட்டால் மட்டும் சாவியை உள்ளே இருப்பவரிடம் கொடுத்து, ஸ்டார்ட் செய்யாமல் ஆன் நிலைக்கு மட்டும் திருப்பச் சொல்லுங்கள். உள்ளே இருப்பவர் ஸ்டீயரிங்கை இந்தப் பக்கம் ஒரு ஜாண், அந்தப் பக்கம் ஒரு ஜாண் என்று நிறுத்தாமல் ஆட்ட வேண்டும்.

மேலிருந்து கீழே வாருங்கள். கப்ளிங்கில் மேல் பாதி திரும்பிய பிறகுதான் கீழ் பாதி திரும்புகிறதா? அப்படியென்றால் அதன் ரப்பரோ, சிலுவை வடிவக் கிராஸோ போயிருக்கிறது. அடுத்து, பாக்ஸ் சேஸிஸில் உட்காரும் இடம். போல்ட் தலையைச் சுற்றிச் செங்காவிப் பொடி மாதிரி துருத்தூள் படிந்திருந்தால் அந்த போல்ட் அசைந்து அரைக்கிறது என்று அர்த்தம். டார்ச் அடித்து, அந்த இடத்துச் சேஸிஸில் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். வெடிப்பு இருந்தால் வண்டியை ஓட்டிக்கொண்டு பட்டறைக்குப் போகாதீர்கள், ஆளை வரவழையுங்கள்.

பாக்ஸ் அசையாமல் நின்று, உள்ளே போகும் ராடு திரும்பியும் டிராப் ஆர்ம் சும்மா இருந்தால் மட்டுமே குறை பாக்ஸுக்குள்.

பிறகு ஒவ்வொரு பால் ஜாயிண்டையும் உள்ளங்கையால் மூடிப் பிடியுங்கள், விரல் இடுக்கில் சிக்காமல். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் கைக்குத் தெரியும். நல்ல ஜாயிண்ட் வழுக்கிக்கொண்டு திரும்பும். தேய்ந்தது ஒவ்வொரு முறையும் 'டக்' என்று உள்ளங்கையில் தட்டும். என் வண்டியில் ரப்பர் பூட் கிழிந்து, கிரீஸ் எல்லாம் மண்ணோடு சேர்ந்து கறுப்புச் சந்தனம் மாதிரி ஆகியிருந்தது. கிரீஸ் அடித்தால் இரண்டு நாள் சத்தம் அடங்கும். தேய்ந்த உருண்டை வளராது, மாற்றத்தான் வேண்டும்.

சக்கரத்தைத் தூக்கிப் பாருங்கள்

ஒரு பக்கம் ஜாக்கி வைத்துத் தூக்கி, சேஸிஸுக்கோ அச்சுக்கோ அடியில் ஸ்டாண்டு கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்யாதீர்கள். டயரின் உச்சியிலும் அடியிலும் கை வைத்து உள்ளே வெளியே ஆட்டுங்கள். ஆடினால் வீல் பேரிங், இல்லை கிங்பின் (நக்கிளை அச்சோடு இணைக்கும் முளை). எது என்று பிரிக்க ஒரு வழி: உள்ளே இருப்பவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங். நிற்கவில்லை என்றால் கிங்பின். தனித்தனி சஸ்பென்ஷன் உள்ள வண்டியில் கிங்பினுக்குப் பதில் பால் ஜாயிண்ட். டயரின் இரு பக்கவாட்டிலும் பிடித்து ஆட்டும்போது மட்டும் தெரிந்தால் டை ராடு எண்டைச் சந்தேகப்படுங்கள்.

இப்போது அந்த ஸ்க்ரூ

மேலே சொன்னது எல்லாம் நன்றாக இருந்து, குறை பாக்ஸுக்குள் என்று உறுதியானால் மட்டும் தொடுங்கள். முன் சக்கரம் இரண்டையும் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, ஸ்டீயரிங்கை நடுவில் வையுங்கள். ஸ்க்ரூவுக்கும் பாக்ஸின் உடம்புக்கும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு இழுத்துவிட்டு லாக் நட்டைத் தளர்த்துங்கள். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கும் குறைவு. லாக் நட்டை இறுக்கி, இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை திருப்பிப் பாருங்கள். எங்காவது இறுக்கமாகப் பிடித்தால் ஸ்க்ரூவைத் திரும்பத் தளர்த்துங்கள். பாக்ஸ் அதிகம் தேய்வது நடுவில், ஏனென்றால் வண்டி ஓடுவது பெரும்பாலும் நேராகத்தான். நடுவுக்கு ஏற்றபடி இறுக்கினால் வளைவில் பிடிக்கும். எனக்கு மலையில் நடந்தது அதுதான்.

டை ராடு எண்டு மாற்றுபவர்கள், பழையதைக் கழற்றும்போது எத்தனை சுற்று என்று எண்ணி, புதியதை அதே அளவு ஏற்றுங்கள். ஸ்ப்ளிட் பின் புதிதாகப் போடுங்கள், பழையதை நிமிர்த்திப் போடுவது வேண்டாம். நேரே அலைன்மென்ட்டுக்கு விடுங்கள், பிறகு ஸ்கேலோடு மறுபடி அளங்கள். எனக்கு டிராக் லிங்க் ஜாயிண்ட் மாற்றியதும் இரண்டு அங்குலம் முக்கால் அங்குலத்துக்கு வந்தது. ஆனால் பெயின்ட் கோடு போடாமல் முறுக்கிய அந்த ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது.