அப்பாவின் பெயரைச் சொல்லாதே: ஸ்காபரோவில் முதல் வருடம்

நான் கனடாவில் ரொறன்ரோவுக்கு வந்தது ஒரு ஜனவரி மாதம். நகரின் கிழக்குப் பக்கம், ஸ்காபரோவில் பேஸ்மெண்ட் வீடு. ஜன்னலால் தெரிந்ததெல்லாம் பனியும், போகிற வருகிறவர்களின் சப்பாத்தும்தான். யாழ்ப்பாணத்தில் ஆறு வருடம் கணக்கு எழுதியவள், இங்கே பால் வாங்கக்கூட கணவர் வேலையால் வரும்வரை காத்திருந்தேன். அதனால் புதிதாக வரும் பெண்களுக்கு வேலையைப் பற்றிச் சொல்வதற்கு முன் பஸ்ஸைப் பற்றித்தான் சொல்வேன்.

பயணக் காசு கட்டும் பிரெஸ்டோ அட்டை ஒன்று உங்கள் கைப்பையிலேயே இருக்கட்டும். ஒருமுறை தட்டினால் இரண்டு மணித்தியாலம் டிடிசியில், அதாவது நகரப் பஸ், ரயிலில், ஏறி இறங்கலாம். 12 வயது வரை பிள்ளைகளுக்குக் காசில்லை. முதல் வாரம் தனியாக நூலகம் வரை போய் வாருங்கள், அது போதும். நான் ஃபின்ச் பஸ்ஸில் எதிர்ப்பக்கம் ஏறி, எங்கேயோ இறங்கி, குளிரில் நின்று அழுதிருக்கிறேன். அதற்குப் பிறகு எனக்கு அந்தப் பாதை மறக்கவே இல்லை. நூலக அட்டை இலவசம்; ஆங்கிலம் கதைத்துப் பழகும் வட்டங்களும் பல கிளைகளில் உண்டு.

அடுத்தது லிங்க் வகுப்பு, புதிதாக வந்தவர்களுக்கு அரசு செலவில் நடக்கும் ஆங்கில வகுப்பு. பிஆர் (நிரந்தர வதிவிட உரிமை) உள்ளவர்களுக்கு இலவசம், பல இடங்களில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் இருக்கும். ஒன்றைக் கவனியுங்கள்: சிட்டிசன்ஷிப் எடுத்துவிட்டால் லிங்கில் சேர முடியாது. "பிள்ளைகள் வளரட்டும், பிறகு போகலாம்" என்று இருந்துவிட்டுக் கைநழுவவிட்டவர்களை எனக்குத் தெரியும். தமிழ்க் கடை, தமிழ் டொக்டர், கோயில் என்று ஸ்காபரோவில் ஆங்கிலமே இல்லாமல் காலம் தள்ளலாம். அந்த வசதிதான் எங்களை மாட்டிவிடுகிறது.

இனி வேலை. என் முதல் நேர்முகத்தில் "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றார்கள். நானும் அப்பாவின் பெயர், ஊர், கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று தொடங்கிவிட்டேன். எதிரில் இருந்தவர் மெதுவாகப் பேனையை மூடி வைத்தார். அவர்களுக்கு வேண்டியது மூன்றே வசனம்: என்ன வேலை செய்தேன், எத்தனை வருடம், எதில் கெட்டிக்காரி. அதிலும் எண்ணிக்கை இருக்க வேண்டும். "கணக்கு வேலை செய்தேன்" என்று நிறுத்தாதீர்கள். "மாதம் 300 பில் சரிபார்த்தேன்" என்று சொல்லுங்கள். போனில் பதிந்து போட்டுக் கேளுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும்.

ஒன்ராறியோவில் 2026 ஜனவரி 1 முதல், 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்கள் வேலை விளம்பரத்தில் கனடாவில் வேலை செய்த அனுபவம் கேட்கக் கூடாது. சரி, ஆனால் ரெஃபரன்ஸ், அதாவது எங்கள் வேலையைப் பற்றிச் சொல்லக்கூடிய ஒருவரை, கேட்பார்கள். அதற்கு வாரம் ஒரு நாள் உணவு வங்கியில் தொண்டு வேலை செய்யலாம். நான் அங்கே சாப்பாட்டு ரின் அடுக்கினேன், அப்புறம் அவர்களின் சரக்குக் கணக்கையும் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஆறு மாதத்தில் எனக்காகப் பேச ஒருவர் கிடைத்தார்.

சிநேகிதிகளில் ஒருத்தியாவது தமிழ் தெரியாதவளாக இருக்கட்டும். லிங்க் வகுப்பில் எனக்குப் பக்கத்தில் இருந்தது ஒரு பிலிப்பைன்ஸ் அக்கா. என் இடியப்பத்துக்கு அவருடைய நூடுல்ஸ், அதுதான் எங்கள் பண்டமாற்று. இரண்டாவது நேர்முகத்துக்கு முதல் நாள் இரவு, போனில் அரை மணித்தியாலம் என்னைக் கேள்வி கேட்டார். வைக்கும்போது சிரித்துக்கொண்டே சொன்னார்: "அப்பாவின் பெயரை மட்டும் சொல்லாதே."