முன் சக்கரத்தில் ஒரு டக் டக்

கார் வேகத்தடையில் நேராக ஏறினால் சத்தமே இல்லை. ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கினால் இடது முன்பக்கத்தில் ‘டக் டக்’. மெக்கானிக் பார்த்த மாத்திரத்தில் ஷாக் அப்சார்பர் இரண்டையும் மாற்றச் சொன்னார். ஆயில் கசிவே இல்லையே என்று எனக்குச் சந்தேகம்.

வண்டி நிற்கும்போது ஸ்டீயரிங்கைத் திருப்பினேன்; ஷாக் அப்சார்பரை பாடியோடு பிடித்திருக்கும் மேல் மவுன்ட் முனகவில்லை. முழுக்க ஒடித்து ஓட்டினேன். சக்கரத்தைச் சுழற்றும் ஆக்ஸிலின் ஜாயின்ட்டும் அமைதி. மிச்சம் ஸ்டெபிலைசர் லிங்க்: இடது, வலது சக்கரங்களுக்கு நடுவே போகும் ஸ்டெபிலைசர் கம்பியின் முனையை சஸ்பென்ஷனோடு இணைக்கும் சிறு தண்டு. இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறினால் ஸ்டெபிலைசர் கம்பி முறுக்கேறாது. ஒன்று மட்டும் ஏறி இறங்கும்போதுதான் லிங்க் இழுபடும்.

இங்கேதான் நான் ஏமாந்தேன். ஒரு பக்கம் மட்டும் ஜாக்கி வைத்து ஆட்டிப் பார்த்தபோது லிங்க் இறுக்கமாகவே இருந்தது. முறுக்கேறிய கம்பி தேய்மானத்தை மறைத்துவிட்டது. அப்புறம் நான்கு சக்கரமும் தரையில் இருக்க, கையை உள்ளே விட்டு ஆட்டினால் லொடலொட!

இரு பக்கமும் புது லிங்க் போட்டேன். பழைய நட்டு துருப்பிடித்து, போல்ட்டும் கூடவே சுற்றியது. போல்ட்டின் நடுவில் ஆலன் கீ (அறுகோணச் சாவி) கொடுத்துப் பிடித்துக் கழற்றுவதற்குள் பாதி ஞாயிறு போய்விட்டது. ஷாக் அப்சார்பர்கள் பழையவைதான், இன்றும் ஓடுகின்றன.