விதைக்கிழங்குக்காக மலைநாட்டுக்குப் போகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புரட்டாதி பிறந்ததும் யாழ்ப்பாணம் வலிகாமத்துத் தோட்டக்காரர் வீடுகளில் இரண்டு பேச்சுகள் சேர்ந்தே எழும். கார்த்திகை, மார்கழியில் நடவேண்டிய உருளைக்கிழங்குக்கு விதை எங்கே எடுப்பது என்பது ஒன்று. பிள்ளைகளை ஒருமுறை நுவரெலியாவுக்குக் கூட்டிச் செல்லவேண்டும் என்பது மற்றையது. இரண்டையும் ஒரே பயணத்தில் முடிப்பதில் தவறில்லை. நானும் பல ஆண்டுகளாக அப்படித்தான் செய்கிறேன். ஆனால் இம்முறை அயலிலுள்ள இரண்டு இளங்குடும்பங்கள் தங்கள் பயணத்திட்டத்தை என்னிடம் காட்டியபோது, நான் முன்னர் செய்த பிழைகள் அதில் அப்படியே வரிசையாக இருக்கக் கண்டேன். கம்பளி உடுப்பு, வானின் பிரேக், வாந்திக்குத் தேசிக்காய் ஆகியவற்றை எவரும் மறப்பதில்லை. ஆதலால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

விதை பார்ப்பதைக் கடைசி நாளுக்குத் தள்ளுதல்

எங்கள் முதற்பயணத்தில் ஏ9 வீதியால் கண்டிக்குப் போய், கம்பளை, புசல்லாவை, றம்பொடை வழியாக நுவரெலியாவை அடைந்தோம். வாவியில் படகு, ஹக்கலைப் பூங்கா, சீதாஎலிய கோவில் எல்லாவற்றையும் பார்த்து முடித்து, புறப்படுகின்ற நாளில் விதையை எடுக்கலாம் என்று வைத்திருந்தோம். அன்று போயா எனப்படும் பூரணை விடுமுறை. அத்தாட்சிப்படுத்திய விதை கொடுக்கின்ற இடங்கள் பூட்டியிருந்தன; மறுநாள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். வெறுங்கையோடு திரும்ப மனமில்லாமல், வீதியோரத்தில் ஒருவர் காட்டிய கொட்டகையில் நான்கு பரப்பு நிலத்துக்கு என்று ஐந்து மூட்டை வாங்கினேன். தோல் பளபளப்பாக இருந்தது, முளையும் தடிப்பாக இருந்தது. ஒரு கிழங்கைக்கூட வெட்டிப் பார்க்கவில்லை.

நட்டு நாற்பது நாளளவில், இலை பச்சையாக இருக்கும்போதே ஒரு செடி மத்தியான வெயிலில் தலை சாய்ந்தது, மாலையில் நிமிர்ந்தது. தண்ணீர் போதவில்லை என்று எண்ணி மேலும் இறைத்தேன். ஒரு கிழமைக்குள் அந்த வரிசை முழுவதும் சாய்ந்து, பிறகு நிமிரவேயில்லை. விவசாயப் போதனாசிரியர் வந்து, ஒரு தண்டை அடியில் வெட்டி, கண்ணாடிக் குவளையிலிருந்த தண்ணீரில் தொங்கவிட்டார். சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால்போன்ற வெள்ளை நூல் ஒன்று மெல்லக் கீழே இறங்கியது. அது பற்றீரியா வாடல் நோய். குளிரான இடத்தில் அக்கிருமி வெளியே எவ்வித அடையாளமும் காட்டாமல் கிழங்குக்குள் தங்கியிருந்து, எங்கள் வெப்பமான மண்ணுக்கு வந்த பின்னர் வெளிப்படும். விதை வெட்டும் கத்தி அதை ஒரு கிழங்கிலிருந்து மற்றதற்குக் கொண்டுபோகும். வாய்க்காலால் பாத்திக்குப் பாத்தி ஓடுகின்ற கிணற்றுத் தண்ணீர் தோட்டம் முழுவதும் பரப்பும். நான் இரட்டிப்பாக இறைத்த தண்ணீரே அதற்கு வழி திறந்துவிட்டது.

நான்கு பரப்பில் மூன்று பரப்பு அழிந்தது. ஆயினும் கிழங்கின் இழப்பு ஒரு போகத்தோடு தீர்ந்துவிடும். மண்ணின் இழப்பு தீராது. என் தகப்பனார் குழை தாழ்த்து, மாட்டெரு இட்டுப் பண்படுத்திய செம்மண் அது. கத்தரி, தக்காளி, மிளகாய் ஆகியவையும் அக்கிருமிக்கு இடம்கொடுப்பவை என்பதால், அந்தத் துண்டில் பல போகங்களுக்கு வெங்காயமும் குரக்கனும் மட்டுமே வைத்தோம். இவ்வளவையும் சொன்ன பின்னரும், “கிழங்கு பார்வைக்கு நல்லாய்த்தானே இருக்குது, அண்ணை” என்று எவராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது.

ஆகவே, புறப்படுமுன் தொலைபேசியில் பேசி விதையை ஒதுக்குவித்து, வேலைநாள் ஒன்றில் அங்கே போய்ச் சேருங்கள். முதலில் மூட்டையின் அத்தாட்சிச் சிட்டையைப் பாருங்கள். ஒவ்வொரு மூட்டையிலும் நாலைந்து கிழங்கை எடுத்துக் குறுக்கே வெட்டி அமத்திப் பாருங்கள். தோலுக்குச் சற்று உள்ளே மண்ணிற வளையம் தெரிந்தாலோ, பசைநீர் கசிந்தாலோ, கண்களில் மண் பிசினோடு ஒட்டியிருந்தாலோ அதை வாங்கவேண்டாம். பணத்தைக் கட்டி, மூட்டைகளை அங்கேயே விட்டுவிட்டு ஊர் பார்க்கப் போகலாம். ஏற்றுவது திரும்புகின்ற நாள் காலையில்.

மூட்டைகளை வானுக்குள் வைத்துக்கொண்டு ஊர் சுற்றுதல்

இது முதற்பிழையைத் திருத்தப் போய் அடுத்த ஆண்டு நான் செய்தது. கிழங்கு மூச்சு விடுகின்ற பொருள். கண்ணாடி மூடிய வானில் இரண்டு நாள் கிடந்தால் உட்புறம் காற்றின்றிக் கறுத்துவிடும். மேலே அடுக்கிய பயணப்பைகளின் பாரத்தில் முளைகள் முறியும். தம்புள்ளை, வவுனியா வெட்டவெளிகளை இரவில் கடப்பது நல்லது. வீட்டுக்கு வந்தவுடன் மூட்டையை அவிழ்த்து, வெயில் நேரே படாத, ஆனால் வெளிச்சமும் காற்றும் உள்ள இடத்தில் பரப்பினால், முளை நீளாமல் குட்டையாகவும் பச்சையாகவும் வரும்.

ஒரே பணப்பை

தோட்டக் கணக்கும் பயணக் கணக்கும் இரண்டு கொப்பிகளில் இருக்கவேண்டும்.

மத்தியானத்துக்குப் பின் மலை ஏறுதல்

ஐப்பசி, கார்த்திகையில் மலைநாட்டில் காலை வெளித்திருந்தாலும் பிற்பகலில் இடியோடு மழை கொட்டும். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளரின் லயன் வீடுகளை மண் மூடியது இந்தப் பருவத்திலேதான். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைகளை மாவட்டவாரியாக வெளியிடுகிறது. சிவப்பு என்றால் அவ்விடத்தை விட்டு வெளியேறவேண்டும் என்பது பொருள். அன்றைய நாளில் விதையும் வேண்டாம், ஊர் பார்ப்பதும் வேண்டாம்.

மண்ணோடு மரக்கறி வாங்குதல்

திரும்பும் வழியில் கரட்டும் லீக்சும் வாங்காத குடும்பம் இல்லை. உருளைக்கிழங்கு வேரைத் தாக்குகின்ற ஒருவகை வட்டப்புழு நுவரெலியா மண்ணில் உண்டு. அதன் முட்டைக்கூடுகள் மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கக்கூடியவை. எனவே வேரில் அப்பிய மண்ணை அங்கேயே குழாயடியில் கழுவி, சாக்கையும் உதறிக்கொண்டு வாருங்கள். எங்கள் வீட்டில் ஒருமுறை அந்த லீக்சைக் கிணற்றடியில் அலசத் தொடங்கினார்கள். அந்தத் தண்ணீர் வாய்க்காலுக்குள் இறங்குமுன் ஓடிப்போய் மறித்தேன்.