களிமண் வகுப்பில் என்ன செய்வது என்று விழிப்பவர்களுக்கு

முதல் நாள் ஒரு கிலோ களிமண்ணை முன்னால் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் விழித்தேன். பிறகு கைப்பேசியில் பார்த்த குவளை ஒன்றைச் செய்தேன். பக்கத்து மேசையிலும் அதே குவளை! படத்தில் பானையின் ஒரு பக்கம்தான் தெரியும். உட்புறமும் அடியும் சுவரின் கனமும் தெரியாது. அதனால் கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

படி 1: பழைய பானையை நேரில் பாருங்கள்

மதுரைப் பக்கம் இருப்பவர்கள் கீழடி அருங்காட்சியகத்துக்குப் போகலாம். 2023இல் திறந்தார்கள். அங்கே கருப்பு சிவப்புப் பானைகளின் முன்னால் நில்லுங்கள். உள்ளே கருப்பு, வெளியே சிவப்பு. ஆனால் இரண்டு சாயம் பூசவில்லை. கவிழ்த்துச் சுட்டதில், காற்றுப் படாத உட்புறமும் வாய்ப்பகுதியும் கருத்தன, காற்றுப் பட்ட வெளிப்புறம் சிவந்தது என்பதே பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். தொலைவில் இருப்பவர்களுக்கு வீட்டு மண்சட்டியே போதும்.

படி 2: ஒன்றை மட்டும் வரையுங்கள்

பத்துப் பானைகளைப் படமெடுப்பதைவிட ஒரு பானையை மூன்று முறை வரைவது மேல். வாய், கழுத்து, தோள், வயிறு, அடி என்று வரிசையாகப் போங்கள். ஒவ்வோர் இடத்திலும் ‘ஏன்?’ என்று கேளுங்கள். விளிம்பு வெளியே மடிந்திருப்பது விரல் கொடுத்துத் தூக்கவா, துணி கட்டவா? இந்தக் கேள்விகளை ஓரத்தில் எழுதுங்கள். கோடு கோணலானால் பரவாயில்லை, என்னுடையதும் கோணல்தான்.

படி 3: கீறல்களைக் கவனியுங்கள்

கீழடிப் பானை ஓடுகளில் ‘ஆதன்’, ‘குவிரன்’ என்று தமிழி எனும் பழந்தமிழ் எழுத்தில் கீறிய பெயர்கள் உண்டு. எவர்சில்வர் குடத்தில் பெயர் வெட்டும் நமக்கு இது புதிதா என்ன! ஆதனை நகலெடுக்காமல் உங்கள் வீட்டுக்கென ஒரு குறி யோசியுங்கள். விரல் பதியாமல், நகம் கீறும் அளவுக்கு மண் இறுகியதும் அதைக் கீறுங்கள்.

படி 4: ஒன்றை மாற்றிச் செய்யுங்கள்

வரைந்த வடிவத்தில் அளவையோ கழுத்தையோ பயனையோ மாற்றுங்கள், எல்லாவற்றையும் அல்ல. ஆரஞ்சுப் பழ அளவு உருண்டையில் கட்டைவிரலை நடுவே அழுத்தி, சுழற்றிச் சுழற்றிச் சுவரை எழுப்புங்கள். கனம் 6 முதல் 8 மி.மீ. இருக்கட்டும். காய்ந்து சுட்டபின் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சுருங்கும் என்பதால் கொஞ்சம் பெரிதாகவே செய்யுங்கள். அவசரப்பட்டு வெயிலில் வைக்காதீர்கள். என் முதல் சட்டி அப்படித்தான் அடிவரை பிளந்தது.

கருப்பு நிறம் வேண்டுமா? காற்றுள்ள மின்சூளையில் செம்மண் முழுவதும் சிவப்பாகத்தான் வரும். மரத்தூளில் புகையூட்டிச் சுட முடியுமா என்று ஆசிரியரைக் கேளுங்கள். அப்படிச் சுட்டதில் தண்ணீர் ஊற்றினால் கசியும், பேனா போட்டுக்கொள்ளுங்கள்.