பாட்டும் அதன் டப்பும்: பழைய ரெக்கே இசைத்தட்டுகளைக் கேட்கத் தொடங்குபவர்களுக்கு ஒரு செய்முறை

பாப் மார்லியின் தொகுப்பு ஒன்றைக் கேட்டு முடித்துவிட்டு, ஜமைக்கா இசையான ரெக்கேயில் அடுத்து எங்கே போவது என்று தெரியாமல் நின்றுவிடுபவர்கள் பலர். இன்னும் சிலர் யாரோ சொன்னார்கள் என்று ஒரு டப் இசைத்தட்டை எடுத்து, பத்து நிமிடம் கேட்டுப் பார்த்து, பாடகரையும் காணோம், பாட்டையும் காணோம் என்று மூடி வைத்துவிடுகிறார்கள். அதில் அவர்கள் தவறு எதுவும் இல்லை. டப் என்பது ஏற்கெனவே பதிவான ஒரு பாட்டைப் பிரித்து, அதில் சில பகுதிகளை விலக்கி, மீதமிருப்பதை எதிரொலியாலும் முழக்கத்தாலும் புதிதாகக் கட்டுவது. மூலப் பாட்டைக் கேட்டிராதவருக்கு எது விலக்கப்பட்டது என்பதே தெரிய வழியில்லை. ஜமைக்காவின் தலைநகரான கிங்ஸ்டனில் இருந்த ரசிகருக்கு அந்தச் சிக்கல் இருந்ததில்லை. ஏனென்றால் 1970களில் அவர் வாங்கிய 45 சுற்று இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் பாட்டும், மறுபக்கத்தில் ‘வெர்ஷன்’ என்ற பெயரில் அதன் டப்பும் இருந்தன. ஆகவே இந்தச் செய்முறை முழுவதும் ஒரே பழக்கத்தின் மேல் நிற்கிறது: எந்த டப்பையும் அதன் பாட்டோடு சேர்த்துக் கேட்க வேண்டும்.

முதல் படி: பாஸ் கேட்கும் கருவியை ஏற்பாடு செய்தல்

இந்த இசையில் மெட்டைச் சுமப்பது பெரும்பாலும் பாஸ் கிட்டார்தான். கைப்பேசியின் சிறிய ஸ்பீக்கரில் அது ஏறக்குறைய முழுவதுமாக மறைந்துவிடும். நான் இவற்றை முதலில் கைப்பேசியில்தான் கேட்டேன். பல மாதங்கள் கழித்து நண்பர் வீட்டில், அவருடைய தந்தை வைத்திருந்த பெரிய பழைய ஸ்பீக்கர் பெட்டிகளில் அதே பாட்டைக் கேட்டபோது, அதுவரை நான் இருப்பதாகவே அறியாத ஒரு மெட்டு தரையிலிருந்து எழும்பி வந்தது. விலை உயர்ந்த கருவி தேவையில்லை. காதை முழுதாக மூடும் சாதாரண ஹெட்போன் ஒன்று போதும். இந்த இசைத்தட்டுகள் வீட்டுக் கூடத்தில் அடக்கமாகக் கேட்பதற்காக மட்டும் உருவானவை அல்ல. ‘சவுண்ட் சிஸ்டம்’ என்று அழைக்கப்பட்ட, ஆளுயரப் பெட்டிகளை அடுக்கித் திறந்தவெளியில் நடந்த நடன இரவுகளுக்காக உருவானவை.

இரண்டாம் படி: நான்கு எண்ணுதல்

ஏதாவது ஒரு ரெக்கே பாட்டை ஓடவிட்டு, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று நிதானமாக எண்ணுங்கள். கிட்டாரின் வெட்டிய, குறுகிய ஒலி இரண்டிலும் நான்கிலும் விழுமாறு உங்கள் எண்ணிக்கையைப் பொருத்திக்கொள்ளுங்கள். இப்போது டிரம்ஸைக் கவனித்தால், பெரிய முரசின் அடி முதல் எண்ணில் விழாமல் மூன்றில் விழுவது தெரியும். மேற்கத்திய ராக் இசையில் பலமாக அடித்துத் தொடங்கும் அந்த முதல் எண் இங்கே காலியாக விடப்படுகிறது. இதற்கு ‘ஒன் டிராப்’ என்று பெயர். பாப் மார்லியின் வெய்லர்ஸ் குழுவின் டிரம்ஸ் கலைஞர் கார்ல்டன் பாரெட் இதைக் கையாண்ட விதம் உலகெங்கும் அறியப்பட்டது. எல்லாப் பாட்டும் இப்படி இராது. நான்கு எண்ணிலும் பெரிய முரசு அடிக்கும் ‘ஸ்டெப்பர்ஸ்’ என்ற வகையும் உண்டு. ஆனால் காலியான அந்த முதல் எண்ணைக் காதால் உணர்ந்துவிட்டால், ரெக்கேயின் நடை உங்களுக்குப் பிடிபட்டுவிட்டது என்று பொருள்.

மூன்றாம் படி: முதல் இணையைக் கேட்டல்

தொடங்குவதற்கு நான் எப்போதும் சொல்வது பர்னிங் ஸ்பியரின் ‘மார்கஸ் கார்வி’ (1975) என்ற ஆல்பத்தையும், அதன் டப் வடிவமான ‘கார்வீஸ் கோஸ்ட்’ (1976) என்ற ஆல்பத்தையும்தான். டப்பில் தேர்ந்தவர்கள் இரண்டாவதைச் சற்று மென்மையானது என்று ஒதுக்குவார்கள். தொடங்குபவருக்கு அந்த மென்மையே உதவி, ஏனென்றால் அதில் நடப்பதெல்லாம் பெரும்பாலும் குரலை விலக்குவது மட்டுமே.

முதல் ஆல்பத்தின் தலைப்புப் பாட்டை மூன்று முறை கேளுங்கள். வரிகள் எங்கே தொடங்குகின்றன, ஊது கருவிகள் எங்கே இடைமறிக்கின்றன என்பது மனத்தில் பதிய வேண்டும். பிறகு அதன் டப்பான ‘தி கோஸ்ட்’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். குரல் இல்லாத இடத்தில் உங்கள் நினைவு அந்த வரியைத் தானாகப் பாடத் தொடங்கும். அதுதான் டப் கேட்பது. அடுத்து ‘ஸ்லேவரி டேஸ்’ பாட்டையும் அதன் டப்பான ‘ஐ அண்ட் ஐ சர்வைவ்’ என்பதையும் இதே முறையில் கேளுங்கள். அடிமைக் காலத்தை நினைவிருக்கிறதா என்று திரும்பத் திரும்பக் கேட்கும் அந்தக் குரல் போன பிறகும், கேள்வி அதே இடத்தில் நிற்பதை உணர்வீர்கள்.

நான்காம் படி: கிங் டப்பியின் கையைக் கேட்டல்

டப் பிறந்த கதையை இந்த இடத்தில் தெரிந்துகொள்வது நல்லது. 1960களின் இறுதியில், ஸ்பானிஷ் டவுன் என்ற ஊரில் சவுண்ட் சிஸ்டம் நடத்திய ரடி ரெட்வுட் என்பவர், தயாரிப்பாளர் ட்யூக் ரீடின் ட்ரெஷர் ஐல் ஒலிக்கூடத்தில் பாரகன்ஸ் குழுவின் பாட்டு ஒன்றை இசைத்தட்டில் ஒற்றைப் பிரதியாக வெட்டித் தரச் சொன்னார். ஒலிப்பொறியாளர் பைரன் ஸ்மித் குரல் பதிவைச் சேர்க்காமல் வெட்டிவிட்டார். அன்றிரவு நடனத்தில் பாட்டையும் குரலற்ற பிரதியையும் ரெட்வுட் அடுத்தடுத்துப் போட, கூடியிருந்தவர்கள் விடுபட்ட வரிகளைத் தாங்களே பாடத் தொடங்கினார்கள். மறுபக்கத்து வெர்ஷன் பரவியது இதற்குப் பிறகுதான். அந்தக் காலி இடத்தில் மைக்கைப் பிடித்துப் பேசியும் பாடியும் யூ-ராய் போன்ற ‘டீஜே’க்கள் 1970இல் ஜமைக்காவின் விற்பனைப் பட்டியலில் முன்னணிக்கு வந்தார்கள்.

ஆனால் விலக்குவதை ஒரு கலையாக ஆக்கியவர் ஆஸ்பர்ன் ரடக் என்ற கிங் டப்பி. 1941இல் பிறந்த அவர் வானொலிப் பெட்டிகளையும் ஒலிபெருக்கிகளையும் பழுதுபார்த்த மின்னணுக் கைவினைஞர். யூ-ராய் பேசிய சவுண்ட் சிஸ்டமும் அவருடையதே. கிங்ஸ்டனின் வாட்டர்ஹவுஸ் பகுதியில், ட்ராமிலி அவென்யூவில் இருந்த தம் வீட்டிலேயே சிறிய ஒலிக்கூடம் ஒன்றை அமைத்தார். வாத்தியக் குழு உட்கார அங்கே இடமில்லை. வேறு ஒலிக்கூடங்களில் பதிவான நாடாக்கள் அங்கே வந்தன. அவர் அவற்றைக் கலந்தார், அல்லது மேலே குரலை மட்டும் பதிவு செய்தார். ஒலிகளைக் கலக்கும் அவருடைய மேசையில் நான்கு தடங்கள் மட்டுமே இருந்தன. டிரம்ஸ், பாஸ், கிட்டாரும் கீபோர்டும், குரல் என்று நான்கு தடங்களில் ஒரு பாட்டு பிரிந்து கிடப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். குரல் தடத்தை ஒரு சொல் அளவுக்குத் திறந்து, அந்தச் சொல்லை எதிரொலிக் கருவிக்குள் அனுப்பி, உடனே மூடிவிட்டால், சொல் மட்டும் தேய்ந்து தேய்ந்து மிதந்துகொண்டிருக்கும். அதன் கீழே பாஸ் எதுவும் நடக்காததுபோல் தன் வழியில் போய்க்கொண்டிருக்கும். அவர் மேசையில் இருந்த ஒரு வடிகட்டிக் குமிழைத் திருப்பினால், தாழ்ந்த ஒலிகள் படிப்படியாக அகன்று, சிம்பலின் சீறல் மட்டும் எஞ்சும். இவை எல்லாவற்றையும் பாட்டு ஓடும்போதே கையால் செய்தார்.

இதற்கு உரிய இணை: ஜேக்கப் மில்லர் பாடிய ‘பேபி ஐ லவ் யூ ஸோ’, அதன் டப்பான ‘கிங் டப்பி மீட்ஸ் ராக்கர்ஸ் அப்டவுன்’. தயாரித்தவர் அகஸ்டஸ் பாப்லோ; வாயால் ஊதியபடி கட்டைகளை அழுத்தி வாசிக்கும், பள்ளிப் பிள்ளைகளின் கருவியாகவே அதிகம் கருதப்பட்ட மெலோடிகாவை ரெக்கேயின் தனிக் குரலாக்கியவர் அவர். பாட்டு எளிய காதல் பாட்டுதான். டப்பில் மில்லரின் குரல் முழு வரியாக நிலைப்பதில்லை. துண்டு துண்டாகத் தலைகாட்டி எதிரொலியில் கரைகிறது. டிரம்ஸின் ஓர் அடி திடீரென முழக்கத்தில் வெடித்துச் சிதறுகிறது. ஒரு தாளில் கோடு கிழித்து, ஒவ்வொரு கருவியும் நுழையும் இடத்தையும் விலகும் இடத்தையும் குறித்துப் பாருங்கள். நான் அப்படிக் குறித்த தாளை இன்னும் வைத்திருக்கிறேன். கிட்டார் இருந்ததைவிட இல்லாமல் இருந்த நேரமே அதில் அதிகம். இதே தலைப்பில் 1976இல் வந்த முழு ஆல்பத்துக்கும் பிறகு செல்லலாம்.

ஐந்தாம் படி: ஒரே ரிடிமைப் பின்தொடர்தல்

பாஸும் டிரம்ஸும் சேர்ந்த அடித்தளத்தை ஜமைக்காவில் ‘ரிடிம்’ என்பார்கள். ஒரு ரிடிமின் மேல் பல பாடகர்கள், பல ஆண்டுகளில், வெவ்வேறு பாட்டுகளைப் பாடுவது அங்கே வழக்கம். அதைத் திருட்டு என்று எடுத்துக்கொண்டால் இந்த இசை விளங்காது. ஆல்டன் எல்லிஸ் 1967இல் காக்ஸன் டாடின் ஸ்டுடியோ ஒன் ஒலிக்கூடத்தில் பாடிய ‘ஐம் ஸ்டில் இன் லவ்’ என்ற பாட்டிலிருந்து தொடங்குங்கள். பத்து ஆண்டுகளுக்குப் பிறகு தயாரிப்பாளர் ஜோ கிப்ஸ் அந்த ரிடிமைப் புதிதாக வாசிக்க வைத்தார். அதன் மேல் மார்சியா எய்ட்கன் அதே காதல் பாட்டைப் பாடினார். டீஜே ட்ரினிட்டி தம் உடையின் பெருமை பேசினார். அவருக்குப் பதில் சொல்வதுபோல் ஆல்தியா, டோனா என்ற இரு இளம்பெண்கள் ‘அப்டவுன் டாப் ரேங்கிங்’ பாட்டைப் பாடினார்கள். அது 1978 பிப்ரவரியில் பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. இந்த நான்கையும் ஒரே அமர்வில், பாஸை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள்.

ஆறாம் படி: பொறியாளரைக் கொண்டு அடையாளம் காணுதல்

டப்பைப் பொறுத்தவரை மேசையில் அமர்ந்திருந்தவர் யார் என்பதே முதல் கேள்வி. டப்பியின் கலவையில் இடைவெளி அதிகம், ஒவ்வொரு ஒலியும் தனியே துலங்கும். லீ ‘ஸ்க்ராட்ச்’ பெர்ரி அதற்கு நேர் எதிர். 1973இல் தம் வீட்டுக் கொல்லையில் அவர் கட்டிய பிளாக் ஆர்க் ஒலிக்கூடத்திலும் நான்கு தட நாடாதான் இருந்தது. ஆனால் நிறைந்த தடங்களை ஒன்றாக்கி, காலியான இடத்தில் மேலும் பதிவு செய்து, மீண்டும் ஒன்றாக்கியதால், ஒலி மழைக்காலக் காற்றுபோல் ஈரமும் கனமும் கொண்டதாயிற்று. காங்கோஸ் குழுவின் ‘ஹார்ட் ஆஃப் த காங்கோஸ்’ (1977) இசைத்தட்டில் பாட்டுக்கு நடுவே மாடு கத்தும் ஒலி வரும். அது அவர் வேண்டுமென்றே வைத்ததுதான். அவருடைய ‘சூப்பர் ஏப்’ (1976) ஆல்பத்தையும் தவறவிட வேண்டாம். டப்பியிடம் பயின்ற சயின்டிஸ்ட் என்ற பொறியாளர் 1980களின் தொடக்கத்தில் ரூட்ஸ் ராடிக்ஸ் குழுவின் மெதுவான, கனத்த ரிடிம்களைக் கலந்து வெளியிட்ட ஆல்பங்கள், நேரடியாக டப்புக்குள் நுழைய விரும்புபவர்களுக்கு எளிய வாசல். டப்பி 1989 பிப்ரவரியில் தம் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

வரிகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இந்தப் பாட்டுகளில் ஜா, பாபிலோன், சையன் என்ற சொற்கள் திரும்பத் திரும்ப வரும். எத்தியோப்பியாவில் 1930இல் முடிசூடிய ஹைலி செலாசியை இறைவனாகப் போற்றும் ராஸ்தாஃபாரி நெறியின் சொற்கள் இவை. ஜா என்பது இறைவன். பாபிலோன் என்பது ஒடுக்கும் அதிகாரம். சையன் என்பது திரும்பிச் செல்ல வேண்டிய தாயகமான ஆப்பிரிக்கா. இதை அலங்காரமாக எண்ணிக் கடந்துபோகக் கூடாது. கடத்திக் கொண்டுவரப்பட்ட மக்களின் வழித்தோன்றல்கள் பாடுகிறார்கள் என்ற நினைவோடு கேட்டால்தான் அந்தச் சோகமும் உறுதியும் புரியும்.

ஏழாம் படி: இசைத்தட்டு வாங்குதல்

இணையத்தில் கேட்பதே தொடக்கத்துக்குப் போதும். இசைத்தட்டாக வாங்க விரும்புபவர்கள் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். ஜமைக்காவில் அச்சான பழைய 45 சுற்றுத் தட்டுகளுக்கு நடுத்துளை பெரியது. அதற்கென வட்டமான அடாப்டர் தேவை. அவற்றில் இரைச்சல் இருப்பது இயல்பு. மலிவான பெட்டி வகை பிளேயர்களில் கனத்த பாஸ் வரும் இடத்தில் ஊசி தாவிவிடும். லேபிளை மட்டும் நம்பி விலை கொடுக்காதீர்கள். பழைய அச்சு என்று நம்பி நான் வாங்கிய தட்டு ஒன்று, அதே லேபிளைப் படியெடுத்துப் பின்னாளில் அச்சிட்டதாக இருந்தது. லேபிளுக்கு அருகே, பள்ளங்கள் முடிந்த வெற்றுப் பரப்பில் பொறித்திருக்கும் எண்ணைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, பிற பிரதிகளோடு ஒப்பிட்ட பிறகே முடிவு செய்யுங்கள். தொடங்குபவருக்கு முறையான மறுபதிப்புகளே என் தேர்வு. பிளட் அண்ட் ஃபயர், பிரஷர் சவுண்ட்ஸ் போன்ற பிரிட்டிஷ் நிறுவனங்களின் பதிப்புகளில், பாட்டின் பின்னணியை விளக்கும் குறிப்புகளும் கிடைக்கும்.

இவ்வளவும் கேட்ட பிறகு ஒரு கடினமான இணையை எடுத்துக்கொள்ளுங்கள். ஜமைக்காவில் பிறந்து லண்டனில் வாழும் கவிஞர் லின்டன் க்வேசி ஜான்சன், டென்னிஸ் போவெல்லின் குழுவோடு பதிவு செய்த ‘ஃபோர்சஸ் ஆஃப் விக்டரி’ (1979), ‘பாஸ் கல்ச்சர்’ (1980) ஆகிய ஆல்பங்களையும், அவற்றிலிருந்து எடுத்துப் போவெல் கலந்த ‘எல்கேஜே இன் டப்’ என்பதையும் அடுத்தடுத்து வையுங்கள். இங்கே விலக்கப்படுவது மெட்டோடு பாடிய குரல் அல்ல, பேசிய கவிதை. மெட்டு இல்லாத அந்தச் சொற்களை உங்கள் நினைவு எப்படித் திரும்பக் கொண்டுவருகிறது என்று கவனியுங்கள்; எனக்கு அவை சொல்லாக வருவதற்கு முன் தாளமாக வருகின்றன, அதுவும் பெரும்பாலும் பாஸ் நிற்கும் இடத்தில்.