காய்ந்த இலை மக்காமல் கிடந்தால்
எங்கள் புளோக்குக்குக் கீழே உள்ள சமூகத் தோட்டத்தில், கூட்டி வைத்த நாட்டு வாதுமை இலைகள் மூட்டையிலேயே தோல் மாதிரி விறைத்துக் கிடந்தன, மக்கவே இல்லை. இலையில் உள்ள லிக்னின் என்ற கடினமான பொருளை உடைப்பது பெரும்பாலும் பூஞ்சைதான், அதற்கு ஈரமும் வேண்டும் காற்றும் வேண்டும். அதனால் இலைகளைக் கிழித்து, தண்ணீர் தெளித்து, பையில் நிறைய ஓட்டை போட்டு, மரத்தடியில் ஏற்கெனவே மக்கிக்கொண்டிருந்த அடி இலைகளில் ஒரு பிடி எடுத்துக் கலந்தேன். அப்புறம் பார்த்தால் நரம்புகளை ஒட்டி வெள்ளை இழைகள் ஓடியிருந்தன. பழுப்பு இலை அங்கங்கே வெளுத்து, விரலில் தேய்த்தால் பொடிந்தது. அந்த வெள்ளையைப் பார்த்துப் பயந்து கொட்டிவிடாதீர்கள், வேலை செய்வதே அதுதான்! பிழிந்தால் சொட்டாத ஈரம் போதும். தண்ணீர் தேங்கினால் நாற்றமும் வரும், கொசுவும் முட்டையிடும். கிளறும்போது முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள், பூஞ்சை வித்துகள் மூச்சுக்கு நல்லதல்ல.