கிருஷ்ணகிரி மாம்பழத்தை வாட்ஸ்அப்பில் விற்க: சீசனுக்கு முன்னும் பின்னும்

ஃபேஸ்புக்கில் ஐயாயிரம் லைக் வாங்கிய தோப்பு வீடியோவால் ஐந்து பெட்டிகூட நகராமல் போவது உண்டு. பெட்டி பெட்டியாக வீடுகளுக்கு விற்பவர் பார்க்க வேண்டிய கணக்கு ஒன்றுதான்: உங்கள் நம்பரைத் தங்கள் போனில் சேவ் செய்து வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்? மற்ற வேலையெல்லாம் அந்த எண்ணிக்கையைக் கூட்டத்தான்.

பங்குனியிலேயே தொடங்கிவிடுங்கள். செந்தூரா ரகம் வந்த பிறகு போனை நோண்ட நேரம் இருக்காது. முதலில் யாவாரத்துக்கென்று தனி சிம் வாங்கி அதில் வாட்ஸ்அப் பிசினஸ் போடுங்கள். ஜிபி வாட்ஸ்அப் போன்ற போலி ஆப்களும், மொத்தமாக மெசேஜ் தட்டும் சாஃப்ட்வேரும் வேண்டாம். நடு சீசனில் நம்பர் முடங்கினால் வாடிக்கையாளரும் கையை விட்டுப் போவார்கள். அதில் உள்ள கேட்டலாக்கில், அதாவது சரக்குப் பட்டியலில், ரகத்துக்கு ஒரு பதிவு போடுங்கள்: செந்தூரா, பங்கனப்பள்ளி, அல்போன்சா, மல்கோவா, இமாம்பசந்த், நீலம். வரத்து இல்லாத ரகத்தை நீக்காமல் மறைத்து வைத்தால் அடுத்த வருடம் மறுபடி எழுதும் வேலை மிச்சம். பெங்களூரா பெரும்பாலும் கூழ் ஆலைக்குப் போகிற காய், வீட்டுப் பெட்டிக்கு அதைப் பெரிதாகக் கேட்க மாட்டார்கள்.

பெரும்பாலானோர் சறுக்குவது பிராட்காஸ்ட்டில், அதாவது ஒரே மெசேஜைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்புவதில். ஒரு லிஸ்ட்டில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் நம்பரை சேவ் செய்யாதவருக்கு அந்த மெசேஜ் போய்ச் சேராது. ‘அனுப்பினேன், ஒருத்தரும் கேட்கவில்லை’ என்பதற்குப் பாதிக் காரணம் இதுதான். ஆகவே ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு துண்டுச்சீட்டு வையுங்கள்: ‘இந்த நம்பரை சேவ் செய்து “மாம்பழம்” என்று ஒரு மெசேஜ் போடுங்கள், அடுத்த ரகம் இறங்கும்போது சொல்கிறோம்.’ பக்கத்தில் வாட்ஸ்அப் கியூஆர் இருக்கட்டும். லிஸ்ட்டை ஊர் வாரியாகப் பிரியுங்கள்: ஓசூர், பெங்களூரு, சேலம், தருமபுரி. வண்டி போகும் நாள் ஊருக்கு ஊர் மாறும். சேலத்துக்காரருக்கு பெங்களூரு வண்டி நேரத்தை அனுப்பினால் எரிச்சல்தான் மிஞ்சும். கேட்காமல் குரூப்பில் சேர்ப்பது அதைவிட மோசம். அவர்கள் ரிப்போர்ட் அடிப்பார்கள், போட்டிக்காரர் உள்ளே வந்து நம்பர்களை அள்ளிக்கொண்டு போவார்.

மெசேஜில் என்ன எழுதுவது? ‘இயற்கையான, சுவையான மாம்பழம்’ என்று எல்லாரும் எழுதுகிறார்கள். வாங்குபவர் கேட்கப்போகும் கேள்விக்குப் பதில் எழுதுங்கள்:

‘செந்தூரா. 5 கிலோ பெட்டி. கிலோவுக்கு 4 அல்லது 5 பழம். அரைப்பழுப்பில் அனுப்புகிறோம், வீட்டில் 3 முதல் 5 நாளில் பழுக்கும். வண்டிக் கூலி சேர்த்த விலை ரூ. ___. பெங்களூருக்கு செவ்வாய், வெள்ளி. முந்தின நாள் மதியம் 12 மணிக்குள் சொல்லுங்கள்.’

கிலோவுக்கு எத்தனை பழம் என்பதை விட்டுவிட்டால் ‘பழம் சின்னது’ என்ற சண்டை நிச்சயம். பழுக்கும் நாளைச் சொல்லாவிட்டால் ‘காயை அனுப்பிட்டீங்க’ என்று போன் வரும். விலையை மறைத்து ‘இன்பாக்ஸ் வாங்க’ என்று எழுதும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். கேட்கக் கூச்சப்படுபவர் அப்படியே நகர்ந்துவிடுவார். பெங்களூரு, ஓசூர் லிஸ்ட்டுக்கு இதையே கன்னடத்திலும் தெலுங்கிலும் எழுதி, குயிக் ரிப்ளையில் (தயாராக வைக்கும் பதில்) சேமித்து வையுங்கள்.

படத்துக்கு விலை உயர்ந்த கேமரா வேண்டாம், காலை வெயில் போதும். ஃபில்டர் போட்டு மஞ்சளைக் கூட்டினால், வந்து சேர்ந்த பழத்தோடு படத்தை ஒப்பிட்டுக் கேட்பார்கள். தராசில் வைத்த ஒரு கிலோ, கையில் வைத்த ஒரு பழம், அறுத்த ஒரு பழம் என்று மூன்று படம் எடுங்கள். காம்பை ஒட்டப் பறித்தால் பால் வழிந்து தோலில் கருப்பு வடு விழும். அது படத்தில் பளிச்சென்று தெரியும். நீளக் காம்போடு பறித்து, பிறகு வெட்டிக் கவிழ்த்து வைத்துப் பாலை வடியவிட்டால் தோல் சுத்தமாக இருக்கும்.

‘கல் போட்டதா?’ என்று கேட்காத பெங்களூருக்காரர் இல்லை. அந்தக் கல்தான் கார்பைடு, அது தடை செய்யப்பட்டது. பழுக்க வைக்க எத்திலீன் வாயுவை 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) வரை பயன்படுத்த அனுமதி உண்டு. நீங்கள் எப்படிப் பழுக்க வைக்கிறீர்களோ அதை அப்படியே சொல்லுங்கள். வைக்கோலில் அடுக்குவதை முப்பது விநாடி ரீலாக, போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்துப் போட்டால் பாதிக் கேள்வி குறையும்.

44-ம் எண் நெடுஞ்சாலையை ஒட்டிக் கடை இருந்தால் கூகுள் மேப் பதிவு அவசியம். மேப்பில் கடையைக் காட்டும் குறி கடை வாசலில் விழுகிறதா என்று சாலையிலிருந்து ஓட்டிப் பாருங்கள். எதிர்ப்பக்கம் விழுந்தால் வண்டிக்காரர் யூ டர்ன் தேடிச் சலித்துப் போய்விடுவார். சீசன் முடிந்ததும் ‘தற்காலிகமாக மூடப்பட்டது’ என்று மாற்றிவிடுங்கள். கார்த்திகையில் வந்து பூட்டைப் பார்ப்பவர் ஒற்றை ஸ்டார் போட்டுவிட்டுப் போவார்.

ஃபேஸ்புக்கில் காசு கொடுத்து விளம்பரம் கடைசியில்தான். இலக்காக லைக்கை வைக்காமல் ‘மெசேஜ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். இடம் முழுத் தமிழ்நாடு வேண்டாம், உங்கள் வண்டி போகும் நகரம் மட்டும். நாளுக்கு ரூ. 200 வீதம் ஐந்து நாள் ஓட்டினால் ரூ. 1,000, அதற்கு மேல் 18% ஜிஎஸ்டி. அதில் பத்து பெட்டிக்கு ஆர்டர் வந்தால் ஒரு பெட்டிக்கு ரூ. 118 விளம்பரச் செலவு. பெட்டிக்கு அதைவிடக் குறைவாக லாபம் நின்றால் நிறுத்திவிடுங்கள், அந்த ஆட்கள் ஆடி வரை மறுபடி வாங்குவார்கள் என்ற நம்பிக்கை இருந்தாலொழிய. பதில் சொல்ல ஆள் இல்லாத நேரத்தில் விளம்பரத்தை ஓடவிடாதீர்கள்.

பணம் வந்ததற்கு ஸ்கிரீன்ஷாட் சாட்சி ஆகாது. உங்கள் வங்கிக் கணக்கில் ஏறியதைப் பார்த்த பிறகே பெட்டியை ஏற்றுங்கள். பணம் ‘வாங்க’ யுபிஐ பின் போடச் சொல்பவர் மோசடிக்காரர். பணம் வந்தது, பாக்கி, அனுப்பியாச்சு என்று லேபிள் மூன்று வைத்துக்கொண்டால் யாருக்குப் பெட்டி போகவில்லை என்று ராத்திரி பத்து மணிக்குத் தேட வேண்டியதில்லை.

சீசனில் வாரம் ஒரு பிராட்காஸ்ட், ரகம் மாறும்போது கூடுதலாக ஒன்று. குட் மார்னிங் படம் அனுப்பினால் மியூட்டில் போடுவார்கள், அப்புறம் நீலம் இறங்கியதைச் சொன்னாலும் கண்ணில் படாது.